நான்கு கால் சாமான்

மலாக்காவில் அரசாங்கம் எங்கெங்கே உட்காருகிறது என்பது ஒரே ஓர் இலாகாவுக்குத்தான் முழுதாகத் தெரியும். அதற்குத் தளவாடப் பதிவு இலாகா என்று பெயர். சர்க்கார் நாற்காலி, மேசை, அலமாரி, பெஞ்சு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துத் தகரத் தகடு அடித்து, வருஷத்துக்கு ஒரு முறை நேரில் போய், அது இருக்கிறதா, அதில் உட்கார முடிகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அதில் உட்காருகிறவர் என்ன செய்கிறார் என்பது வேறு இலாகாவின் பொறுப்பு.

அங்கே சுப்பையன் பதினோரு வருஷமாக டெம்பரரி கிராணி, அதாவது தற்காலிகக் குமாஸ்தா. காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் சந்துக்கு எதிரே, வாடகை வீட்டில் மனைவி கமலவேணியோடு குடியிருந்தான். டெம்பரரி கிராணிக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல், நிரந்தரக் கிராணிக்கு முதுகு வைத்த நாற்காலி, அதிகாரிக்குக் கையும் வைத்த நாற்காலி என்று இலாகா விதி இருந்தது. அதை எழுதியவர்களே அந்த இலாகாக்காரர்கள் என்பதால் அவர்களாலேயே அதை மீற முடியவில்லை. பதினோரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து சுப்பையனுக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி நிரந்தரமாகிவிட்டது. 

“நாடு சுதந்திரம் வாங்கி மூணு வருஷம் தாண்டிருச்சு. உங்க முதுகுக்கு எப்ப வருமாம்?” என்று கமலவேணி தைலம் தேய்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

இலாகாவின் அதிகாரியாக இருந்தவர் வில்மாட் துரை. மீன் பிடிப்பதில் பிரியமுள்ளவர். பகாங் காட்டிலுள்ள தேசியப் பூங்காவின் ஆறுகளில் கைநீள மீன் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மலாக்கா ஸ்டோரிலிருந்து ஒரு மெராந்திப் பலகை பெஞ்சை ரயிலேற்றி, படகேற்றி, ஆள் தலையில் ஏற்றி, மிருகம் பார்ப்பதற்காகக் காட்டுக்குள் கட்டியிருந்த ஒரு பரணில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். ஃபைலில் ‘இரவல்’ என்று எழுதினார். இரவல் கொடுத்த சாமானை வருஷம் ஒரு தடவை அதிகாரி நேரில் பார்த்தாக வேண்டும். துரை விதி தவறாதவர். ஒவ்வொரு மார்ச்சிலும் தூண்டிலோடு ஒரு வாரம் போய் வந்தார். ரிப்போர்ட்டில் நேரமும் சில்லறை விவரமும் மாறினாலும் சுருக்கம் ஒரு சொல் மாறாமல் இருந்தது: ‘படகில் சென்றேன். காட்டில் நடந்தேன். பரணில் உட்கார்ந்தேன். பெஞ்சு திருப்தி. மிருகம் எதுவும் காணப்படவில்லை.’

1960 கடைசியில் துரை கப்பலேறிவிட்டார். பத்தொன்பது வருஷம் தலைமைக் கிராணியாக இருந்த கலியாணசுந்தரம் அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் பதவி உறுதியாகாத ‘ஆக்டிங்’ அதிகாரியாக. நேற்றுவரை “சுப்பையா” என்று கூப்பிட்டவர், கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே “மிஸ்டர் சுப்பையன்” என்றார். பிப்ரவரியில் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. வருடாந்திர டூர் ரிப்போர்ட் மார்ச் 31க்குள் வந்து சேர வேண்டும், அதைப் பார்த்த பிறகே ‘ஆக்டிங்’ எடுக்கப்படுவது குறித்து யோசிக்கப்படும் என்று இருந்தது.

கலியாணசுந்தரம் ஆபீஸில் இருந்த ஆறு பேரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார்.

“வெள்ளைக்காரன் போயிட்டான். நம்மால முடியாதுன்னு நினைச்சுக்கிட்டே போயிருக்கான். அவன் படகுல போனானா, நாமளும் போவோம். அவன் காட்டுல நடந்தானா, நாமளும் நடப்போம். அவன் செஞ்சதுல ஒண்ணைக்கூட விடாம, ஒண்ணைக்கூடக் கூட்டாம, அப்படியே செய்யறதுக்குப் பேருதான் சுதந்திரம்!”

ஆறு பேரும் கை தட்டினார்கள். சுப்பையன் மட்டும் தட்டி முடித்துவிட்டுக் கேட்டான்.

“சார், அவரு மீன் பிடிக்கத்தானே போனாரு?”

“ஃபைல்ல மீன் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப மீன் இல்ல. நீங்களும் வர்றீங்க, மிஸ்டர் சுப்பையன். டூர் நல்லபடியா முடிஞ்சா உங்க கன்ஃபர்மேஷனுக்கு நானே எழுதறேன்.”

கூடப் போக வேண்டிய மூன்றாவது ஆள் பியூன் வேலாயுதம். கம்போங் செட்டிக்காரர், பல நூறு வருஷத்துக்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்ட செட்டி வம்சம், ஐம்பது வயது. வீட்டில் அவர்கள் பேசுவது அவர்களுடைய மலாய்தான். சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்கள் சிலவும் தவிர தமிழ் அவருக்கு ஆபீஸில் பொறுக்கியது. துரையோடு மூன்று தடவையும் போனவர் அவர்தான். டூர் எப்படி இருக்கும் என்று சுப்பையன் மலாயில் கேட்டதற்கு அவரும் மலாயில், “துரை மீன் பிடிப்பார், நான் தூங்குவேன். நல்ல இலாகா” என்றார்.

தம்பினில் ரயிலேறி, கெமாஸில் வண்டி மாறி, பிறகு அரை நாள் படகில் ஓட்டத்துக்கு எதிராகப் போய், பூங்காவின் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்குக் கலியாணசுந்தரம் வெளியே வந்தபோது கோட்டு, கழுத்துப் பட்டை, அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைச் சாக்ஸ், தலையில் துரை விட்டுப் போன தொப்பி எல்லாம் இருந்தன. தொப்பி பெரியது. காதுகள் இல்லாவிட்டால் மூக்குவரை இறங்கியிருக்கும்.

படகுக்காரரும் வழிகாட்டியும் ஒருவரே. பாக் மாட் என்று கூப்பிட்டார்கள். அறுபது வயதிருக்கும். அவர் கலியாணசுந்தரத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, படகை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஆறு தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. இரண்டு கரையிலும் மரங்கள் குனிந்து நடுவில் ஒரு கோடுதான் வானம். மணல்திட்டு ஒன்றில் நாலைந்து நீர்நாய்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே பெரிய கொம்புமூக்குப் பறவை ஒன்று சிறகடித்துப் போனது. ரயில் பெருமூச்சு விடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டது. சுப்பையன் எஸ்டேட்டில் பிறந்தவன், ரப்பர் மரம் வரிசையாய் நிற்பதைத்தான் காடு என்று நினைத்திருந்தவன். வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தான்.

“வேடிக்கை பார்க்கவா சர்க்கார் அனுப்பிச்சிருக்கு? குனிஞ்சு எழுதுங்க” என்றார் கலியாணசுந்தரம். மடியில் துரையின் பழைய ரிப்போர்ட் விரித்திருந்தது. “ஏழு அம்பது. இரண்டாவது பாறைச்சரிவு எங்க வருது?”

“இதான் சார்னு பாக் மாட் சொல்றாரு.”

“நிறுத்தச் சொல்லு வேலாயுதம். 1959 ரிப்போர்ட்ல, ‘இரண்டாவது பாறைச்சரிவில் படகிலிருந்து இறங்கினேன்’னு இருக்கு.”

வேலாயுதம் மலாயில் சொன்னார். பாக் மாட் நீளமாக ஏதோ பதில் சொன்னார். வேலாயுதம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாரியை மலாய் மரியாதைப்படி ‘துவான்’ என்று கூப்பிட்டு, தமிழுக்கு மாற்றினார்.

“துவான், அவரு சொல்றாரு, இந்த வருசம் தண்ணி பஞ்யாக். நெறைய. படகு நல்லா போகும், இறங்க வேணாம். அப்போ துரையும் இறங்கல. விழுந்தாரு. போத்தல் குடிச்சிட்டு எந்திரிச்சாரு, விழுந்தாரு.”

“ஃபைல்ல ‘இறங்கினேன்’னுதான் இருக்கு.”

“அது துரை எழுதினது, துவான்.”

“துரை எழுதினதை ஒரு படகுக்காரன் திருத்தறதா?”

சொல்லிக்கொண்டே கலியாணசுந்தரம் எழுந்து ஒரு காலை வெளியே வைத்தார். அந்தக் கால் போன வேகத்தில் மற்றதும் போனது. கழுத்துவரை தண்ணீர். துரையின் தொப்பி மட்டும் கம்பீரமாக ஆற்றோடு புறப்பட்டுப் போயிற்று. பாக் மாட் அவசரமே இல்லாமல் குனிந்து கோட்டுக் காலரைப் பிடித்து, பெரிய மீனை ஏற்றுவது போல் ஏற்றினார்.

கோட்டுக் கைகளிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டக் கலியாணசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார்.

“எழுதுங்க. ஆற்றின் ஆழம் அதிகாரியால் நேரில் பரிசோதிக்கப்பட்டது. திருப்தி.”

கரையேறியதும் காட்டுப் பாதை. இலைக்கு இலை அட்டை காத்திருந்தது. வேலாயுதம் புகையிலையை ஊறவைத்துக் காலில் பூசிக்கொண்டு வந்திருந்தார், துவானுக்கும் கொடுத்தார். அது ஃபைலில் இல்லை என்று துவான் மறுத்துவிட்டார். அரை மணி நடந்ததும் எல்லோரும் நின்று காலைப் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சாக்ஸ் வெள்ளையாக இல்லை.

“அதிகாரியைக் கடிச்சது எத்தனைன்னு குறிச்சுக்கணும். 1958ல துரைக்குப் பதினாலு.”

சுப்பையன் எண்ணினான். “உங்களுக்குப் பதினொண்ணு சார்.”

“உங்களுக்கு?”

“இருபத்தாறு.”

கலியாணசுந்தரத்தின் முகம் மாறியது. “டெம்பரரி கிராணிக்கு அதிகாரியைவிடக் கூடுதலா எப்படி வரும்? தலைமையகத்துல படிச்சா என்ன நினைப்பாங்க? அதிகாரி பின்னால நின்னுட்டாருன்னு நினைக்க மாட்டாங்க? அதிகாரி பதினாலு, கிராணி ஒன்பது, பியூன் ரெண்டுன்னு போடுங்க.”

“எனக்கு ஒண்ணும் கடிக்கல, துவான்” என்றார் வேலாயுதம்.

“ரெண்டு எடுத்துக்க.”

சுப்பையன் எழுதினான். எழுதியதற்காக ஒன்பதுக்கு மேற்பட்ட பதினேழும் காலைவிட்டு இறங்கிப் போய்விடவில்லை. இன்னும் ஒரு நாள்தான், திரும்பிப் போனால் முதுகு வைத்த நாற்காலி என்று நினைத்துக்கொண்டு நடந்தான். 

ஏறிக்கொண்டே போன பாதை ஒரு மேட்டில் முடிந்தது. அங்கே உயரமான கால்களின் மேல் பரண் நின்றது. மரப்பட்டைக் கூரை, மூங்கில் தரை, முன்பக்கம் பார்ப்பதற்கு நீளமாய் ஒரு திறப்பு. கீழே பள்ளத்தில் சாம்பல் நிறச் சேறு. அது உப்புச்சேறு என்றும், மிருகங்கள் அதை நக்க வரும் என்றும், பேச்சு மூச்சு கூடாது என்றும் பாக் மாட் உதட்டில் விரல் வைத்துச் சொன்னார்.

பதவி வரிசைப்படி ஏணி ஏறினார்கள். முதலில் ஏறிய கலியாணசுந்தரம் மேலே போய் நின்றவர் அப்படியே நின்றார்.

“பெஞ்சு எங்கய்யா?”

பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கரையான் மண் ஒரு குவியலாய்க் கிடந்தது. வேலாயுதம் காலால் அதைத் தள்ளினார். உள்ளேயிருந்து ஆறு ஆணியும் ஒரு தகரத் தகடும் வந்தன. தகட்டில் ‘மலாக்கா 417’ என்று பளிச்சென்று இருந்தது. கரையானுக்கு எண்ணில் ஆர்வமில்லை.

“போன வருஷம் துரை ‘திருப்தி’ன்னு எழுதியிருக்காரே!”

வேலாயுதம் சுப்பையனைப் பார்த்து மலாயில் மெல்லச் சொன்னார். துரை ஒரு வருஷமும் இந்தப் பக்கம் ஏறி வந்ததே இல்லையாம். ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தபடி காட்டைப் பார்த்து, “ஆல் ரைட்?” என்று கத்துவாராம். காடு ஒன்றும் சொல்லாததால் திருப்தி என்று எழுதுவாராம்.

சுப்பையன் இதைத் தமிழில் சொன்னதும் கலியாணசுந்தரம் மூங்கில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“காணாமப் போன சாமானுக்குக் கடைசியா ‘சரிபார்த்தேன்’னு கையெழுத்துப் போட்டவன் பொறுப்பு. வேலை போயிடும். யாரு போட்டது?”

போன வருஷ ரிப்போர்ட்டை டைப் அடித்து, கீழே ‘சரிபார்த்தேன்’ என்று போட்டவன் அவன்தான். அவன் சரிபார்த்தது எழுத்துப் பிழையை.

“நான்தான் சார்.”

எங்கோ ஒரு குரங்கு விட்டுவிட்டுக் கத்தியது. கலியாணசுந்தரம் தகட்டைக் கையில் எடுத்துத் துடைத்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் குரல் பதினோரு வருஷம் பக்கத்து மேசையில் கேட்ட பழைய குரலாக இருந்தது.

“சுப்பையா. இந்த இலாகாவுல பெஞ்சுங்கறது என்ன? எண்ணுதானே? எண்ணு இருக்கு. அதிகாரி அதுல உட்கார்ந்தபடி ஒரு படம் வேணும். ஃபைல்ல வருஷா வருஷம் படம் இருக்கு.”

“அது விடுதி பெஞ்சு, துவான்” என்றார் வேலாயுதம்.

“நீ சும்மா இரு. சுப்பையா, உன் வேலையும் போகாது, என் ‘ஆக்டிங்’கும் போகும். கொஞ்சம் குனிஞ்சு, கையை ஊனி…” அவரால் முடிக்க முடியவில்லை. “நான் ரொம்ப அழுத்தி உட்கார மாட்டேன்பா.”

சுப்பையன் வாடகையை நினைத்தான், கமலவேணியை நினைத்தான், ஸ்டூலை நினைத்தான். பிறகு மண்டியிட்டுக் கைகளை ஊன்றினான். கலியாணசுந்தரம் தகட்டை அவன் சட்டைக் காலரில் செருகிவிட்டு, ஈரக் கோட்டோடு அவன் முதுகில் உட்கார்ந்து, திறப்பின் வழியே தூரத்தைப் பார்ப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார். வேலாயுதம் காமிராவோடு மூலைக்குப் போனார்.

பாக் மாட் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வேலாயுதத்திடம் மலாயில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

“சர்க்கார் வேலை” என்றார் வேலாயுதம்.

“ஓ” என்றார் பாக் மாட், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.

“சீக்கிரம் எடு வேலாயுதம்.”

“பங்கு ஆடுது, துவான்.” பங்கு என்றால் மலாயில் பெஞ்சு. “பெஞ்சு மூச்சு விடுது. படம் கெட்டுப் போகும்.”

“சுப்பையா, மூச்சைக் கொஞ்சம் பிடி.”

சுப்பையன் பிடித்தான். வேலாயுதம் வேண்டுமென்றே நேரம் கடத்துகிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. இடுப்புக்கு மேலே வலி தீயாய் எரிந்தது. கண்ணுக்கு நேரே மூங்கில் தரையின் இடுக்கு. இடுக்கு வழியே பரணுக்குக் கீழே இருந்த தரை தெரிந்தது, இலைச் சருகு தெரிந்தது. அப்போது அந்தச் சருகின் மேல் ஒரு கால் வந்து நின்றது.

முழங்காலுக்குக் கீழே வெள்ளை. சாக்ஸ் போட்டது போல. அதற்கு மேலே கறுப்பு. அது போய்க்கொண்டே இருந்தது. இடுக்கிலே தோள் வந்தது, விலா வந்தது, முடிவதாக இல்லை. மூச்சின் சூடு மூங்கில் வழியே அவன் முகத்தில் பட்டது. புல்லும் சேறும் கலந்த வாசனை.

சுப்பையன் தான் பெஞ்சு என்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டான்.

கலியாணசுந்தரம் தரையில் சரிந்தார். வேலாயுதத்தின் விரல் காமிராவை அழுத்திவிட்டது. கத்துவதற்குத் திறந்த கலியாணசுந்தரத்தின் வாயைப் பாக் மாட் உள்ளங்கையால் பொத்தி, மறு கையால் கீழே காட்டினார். “செலாடாங்” என்று உதடு மட்டும் அசைந்தது.

காட்டெருமைகள். ஏழு. பரணைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சேற்றுக்கு இறங்கின. முன்னால் போனது கருங்கல்லில் செய்தது போல் இருந்தது. கொம்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் குருவி உட்கார்ந்திருந்தது. அதை அது பொருட்படுத்தவில்லை. சேற்றில் முகத்தை வைத்து நக்கும் சத்தம் மேலேவரை கேட்டது. சுப்பையன் திறப்பின் கட்டையைப் பிடித்தபடி நின்றான். முதுகு நேராக இருந்தது. வலிக்கிறதா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை.

பாக் மாட் கையை எடுத்த பிறகும் கலியாணசுந்தரம் கத்தவில்லை. முட்டி போட்டு வந்து, திறப்பில் மோவாயை வைத்துக்கொண்டார்.

“எம்மாம் பெரிசுய்யா” என்றார், குழந்தைக் குரலில். “சுப்பையா, அந்தக் கடைசிக்காரியைப் பாரு. காதை ஆட்டறா பாரு.”

இப்படிக் கால் மணி போயிருக்கும். பிறகு அவர் கை பழக்கத்தில் கோட்டுக்குள் போய்க் கடிகாரத்தை எடுத்தது. பார்த்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

“மணி ஒண்ணேகால்! ஒண்ணு அஞ்சுக்குப் பரணை விட்டு இறங்கினேன்னு ஃபைல்ல இருக்கு!”

ஏணிக்குக் கீழே, முதலாவதாக வந்த கிடா திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தது. ஏணியின் கம்பத்தில் கழுத்தைத் தேய்த்தது. பரண் முழுதும் ஆடியது.

“வேலாயுதம், நமக்கு நேரமாச்சுன்னு சொல்லு.”

“யார்கிட்ட, துவான்?”

“அதுங்ககிட்டதான். உனக்குத்தானே மலாய் நல்லா வரும்.”

வேலாயுதம் பாக் மாட்டைப் பார்த்தார். பாக் மாட் காட்டைப் பார்த்தார். வேலாயுதம், காலையில் விடுதியில் வாழையிலையில் கட்டி வாங்கி வந்திருந்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பிரித்து நாலாகப் பங்கிட்டார். ஃபைலில் இல்லாத அந்தச் சாப்பாட்டைக் கலியாணசுந்தரமும் சாப்பிட்டார். மிருகங்கள் நாலு மணிக்குத்தான் புறப்பட்டன. அதுவும் அவற்றின் இஷ்டப்படி.

மலாக்கா திரும்பிய மறுநாள் கலியாணசுந்தரம் ரிப்போர்ட்டைச் சொல்லச் சொல்லச் சுப்பையன் டைப் அடித்தான்.

“‘பெஞ்சு திருப்தி. மிருகம் எதுவும் காணப்படவில்லை.’ அடிச்சாச்சா?”

சுப்பையன் விரல் நின்றது. “ஏழு பார்த்தோமே சார். நீங்களும்தான் பார்த்தீங்க. காதை ஆட்டறான்னு சொன்னீங்க.”

“அது நான் தனிப்பட்ட முறையில பார்த்தது. அதிகாரியா நான் ஒண்ணும் பார்க்கல. துரை மூணு வருஷம் காணாததை நான் முதல் தடவையே கண்டேன்னு எழுதினா, துரையைக் குத்தம் சொல்ற மாதிரி ஆகாது? அடிங்க. சாயங்காலத்துக்குள்ள ‘சரிபார்த்தேன்’ போட்டு அனுப்பணும்.”

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கமலவேணி கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கினாள். குனிந்த கதையையும் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

“இல்லாததை இருக்குன்னும், இருக்கறதை இல்லேன்னும் எழுதி, அதுக்குக் கீழ உங்க பேரா?”

“போடலேன்னா வேலை போயிடும் கமலம்.”

“போட்டா மட்டும்? அடுத்த வருஷமும் அந்தப் பெஞ்சைப் பார்க்கப் போகணும்ல? யாரு குனியறது?” ரசத்தை ஊற்றினாள். “வேலை போனா போகட்டும். புக்கிட் பாருல எங்க அண்ணன் கடையில கணக்கு எழுத ஆள் இல்லாமதான் இருக்கு. அங்க ஸ்டூலும் இல்ல, நின்னுக்கிட்டே எழுதலாம், முதுகுக்கும் நல்லது.”

சாயங்காலம் சுப்பையன் ரிப்போர்ட்டில் கலியாணசுந்தரத்தின் கையெழுத்தை வாங்கினான். பிறகு அதற்குக் கீழே பேனாவால் எழுதினான்: ‘சரிபார்த்தேன். பெஞ்சு இல்லை, கரையான் தின்றுவிட்டது. செலாடாங் ஏழு உள்ளன.’ தன் கையெழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அதிகாரிகளுக்கு இல்லாததால் கடிதம் அன்றைக்கே தபாலுக்குப் போயிற்று. கழுவி வந்த படத்தையும் அப்படியே இணைத்தார்கள். அதில் இரண்டு ஷூக்களின் அடிப்பாகமும், அவற்றுக்கு அப்பால் திறப்பின் வழியே, கலங்கலாய்க் கறுப்பாய் நாலு கால் வைத்த ஏதோ ஒன்றும் இருந்தன.

இரண்டு மாதம் சுப்பையன் தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றான். மே மாதக் கடைசியில் கடிதம் வந்தது. கலியாணசுந்தரம் பிரித்தார், படித்தார், சிவந்தார்.

“என்னய்யா எழுதி அனுப்பிச்சே!”

“நடந்ததை சார்.”

“நடந்ததையா! சர்க்கார் காகிதத்துலயா!”

மேலே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

‘தங்கள் ரிப்போர்ட் கிடைத்தது. கரையான் தின்றதற்கு யாரும் பொறுப்பல்ல என்பதால் பெஞ்சு எண் 417 பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. மலாக்கா கிளை ஏழு செலாடாங்குகளைப் புதிதாகச் சேர்த்திருப்பது கவனிக்கப்பட்டது. இணைத்துள்ள படத்தில் காணும் சாமான் நான்கு கால்களுடனும் கறுப்புப் பாலிஷுடனும் மிக உறுதியான நிலையில் இருப்பது பாராட்டத்தக்கது. அவை எந்த மரத்தால் ஆனவை, ஒன்றில் எத்தனை பேர் உட்காரலாம், மடக்கக் கூடியவையா, இதுவரை எண் தகடு அடிக்காததற்குக் காரணம் என்ன ஆகிய விவரங்களை உடனே அனுப்பவும்.’

கோலாலம்பூரில் இதை எழுதியவருக்குச் செலாடாங் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவரிடமிருந்த பதிவேட்டில் தளவாடத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கலியாணசுந்தரம் எழுந்து நின்று படித்தார். நாட்டின் மற்ற எல்லாக் கிளைகளிலும் சாமான் குறைந்து வரும் வேளையில் மலாக்காவில் மட்டும் ஆறு கூடியிருக்கிறது; ஆகவே அதிகாரியின் ‘ஆக்டிங்’ எடுக்கப்படுகிறது.

அவர் மெதுவாக உட்கார்ந்து நாற்காலியின் இரண்டு கைகளையும் தடவினார்.

“மிஸ்டர் சுப்பையன். விவரம் கேட்டிருக்காங்க. என்ன மரம்?”

“மரம் இல்ல சார். தோலு.”

“‘தோல் உறை போட்டது.’ எத்தனை பேர் உட்காரலாம்?”

“யாரும் உட்காரலியே சார்.”

“‘பரிசோதனை நிலுவையில் உள்ளது.’ மடக்க முடியுமா?”

வாசலில் நின்ற வேலாயுதம் இதற்கு மட்டும் தமிழில் பதில் சொன்னார். “அது நம்மள மடக்கும், துவான்.”

“‘முடியாது’ன்னு போடுங்க. எண் தகடு?”

இதற்குப் பிறகு தலைமையகமே வழி சொன்னது. நிரந்தரச் சாமானுக்கு நிரந்தரக் கிராணிதான் தகடு அடிக்கலாம் என்று விதி இருந்தது. அந்த விதியின்படி சுப்பையன் ஆகஸ்டில் நிரந்தரமானான். முதுகு வைத்த நாற்காலி வந்தது. முதல் நாள் அதில் சாய்ந்தபோது அது பின்னால் விழுந்தது. ஸ்டோரில் அதிக நாள் கிடந்ததில் ஆணி கழன்றிருந்தது. அவனே அடித்துச் சரிசெய்துகொண்டான்.

அடுத்த மார்ச்சில் கலியாணசுந்தரம் போகவில்லை. உறுதி செய்யப்பட்ட அதிகாரி அலுவலகத்தை விட்டு விலகலாகாது என்றார். சுப்பையனும் வேலாயுதமும் போனார்கள். சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துக் கமலவேணியும் வந்தாள். சுப்பையன் பையில் 418 முதல் 424 வரை ஏழு தகடும் ஒரு சுத்தியலும் இருந்தன. அது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பாக் மாட் படகை ஒரு கிளையில் கட்டிவிட்டுச் சிரித்து முடித்தார். அப்புறம்தான் மோட்டாரைத் திருப்பினார்.

காலில் புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு மூன்று பேரும் பாக் மாட்டின் பின்னால் நடந்தார்கள். பரணின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் செலாடாங்குகள் வந்தன. கமலவேணி அவன் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். ஏழும் இருந்தன. ஏழுக்கும் பின்னால், பழுப்பு நிறத்தில், கால் இன்னும் சரியாக நிலைக்காமல் இரண்டு கன்றுகள் வந்தன. ஒன்று சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, யாராவது பார்த்தார்களா என்பது போல் சுற்றிலும் பார்த்தது.

சுப்பையன் புத்தகத்தை எடுத்து எழுதினான்: ‘ஏழும் உள்ளன. திருப்தி. தகடு அடிக்கச் சென்றபோது சாமான்கள் இடம் மாறிவிட்டன. அடுத்த மார்ச்சில் மீண்டும் முயற்சி செய்யப்படும்.’

கமலவேணி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு அவன் காதில் கேட்டாள்.

“குட்டிங்க ரெண்டையும் எழுதலியே?”

“எழுதினா அதுங்களுக்கும் தகடு வந்துரும்” என்று கிசுகிசுத்துவிட்டு, சுப்பையன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.